நான்காக அறுத்த நாவல்கள்

சமீபத்தில் படித்த நாவல்களைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால் ஒன்றின் பெயரும் எனக்கு நினைவில் இல்லை. எழுதியவர்களின் பெயரும் தெரியாது. இது மறதி இல்லை. எங்களிடம் வருகிற புத்தகத்துக்கு முதலில் அட்டையைக் கிழித்துவிடுவோம். பிறகு நான்காக அறுப்போம்.

படிக்கிற யாருக்காவது இது கோபத்தை உண்டாக்கலாம். எங்கள் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் குழாய் செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. குழாய்களை அடுக்கி, தகரப் பட்டி போட்டு இறுக்கிக் கட்டுவேன். கம்பெனி பஸ் வள்ளூரில் கிளம்பி, மீஞ்சூர் வந்து, பொன்னேரியில் என்னை ஏற்றிக்கொண்டு, ஊர் ஊராக நின்று போகும். பஸ்ஸில் எல்லோரும் செல்போன் பார்ப்பார்கள். நாங்கள் நான்கு பேர் மட்டும் கதை படிப்போம். வள்ளூர்க்காரரான கிரேன் ஓட்டுபவர் பழைய பேப்பர் கடையில் சொல்லி வைத்து நாவல்களை வாங்கி வருவார். அவர்தான் எங்களில் மூத்தவர். இன்னொருவர் மெஷின் பழுது பார்க்கிற பிட்டர், வயதில் சின்னவர். மற்றவர் ஸ்டோர்ஸில் இருப்பவர். அவர் இரண்டு பக்கம் படிப்பதற்குள் தூங்கிவிடுவார், ஆனாலும் தன் முறையை விட்டுக்கொடுக்க மாட்டார்.

புத்தகம் ஒன்று, ஆள் நான்கு. முதலில் சண்டை வந்தது. பிட்டர்தான் வழி கண்டுபிடித்தார். இரும்பு அறுக்கிற ஆக்சா பிளேடு உடைந்ததைச் சாணை பிடித்துச் செய்த கத்தி ஒன்று அவரிடம் உண்டு. புத்தகத்தை வைஸ் என்கிற இடுக்கியில் வைத்து இறுக்கி, முதுகோடு சேர்த்து நான்காக அறுத்துவிட்டார். பேரிங் சுற்றி வருகிற எண்ணெய்த் தாளை ஒவ்வொரு பாகத்துக்கும் அட்டையாகப் போட்டு, முதுகில் கறுப்பு டேப் ஒட்டி, மஞ்சள் சாக்பீஸால் எண் எழுதினார். அன்றிலிருந்து இதுவே பழக்கம். எந்தப் பாகம் யார் கைக்கு வருகிறதோ அதைப் படித்துவிட்டு மாற்றிக்கொள்வோம். கதையை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. எங்களுக்குள் உள்ள ஒரே சட்டம் அதுதான்.

அதனால் நான் பெரும்பாலும் மூன்றாம் பாகத்தை முதலில் படிப்பேன், முதல் பாகத்தைப் பிறகு. ஒருவன் அழுதுகொண்டிருப்பான். ஏன் அழுகிறான் என்று அடுத்த வாரம் தெரியவரும். முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. பஸ்ஸில் எதிரே ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தால் அவருடைய முதல் பாகத்தையா கேட்கிறோம்?

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மெதுவாகத்தான் படிப்பேன், உதடு அசையும். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. எனக்குப் பேச வராது. நாலு பேர் இருக்கிற இடத்தில் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். புத்தகம் கையில் இருந்தால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள் என்றுதான் முதலில் பிடித்தேன். ருசி பிறகு வந்தது.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள். முதல் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் என் மகளின் செருப்பு கிடந்தது. கட்டிக்கொடுத்து ஒரு வருஷம் ஆகவில்லை. ஆந்திர எல்லையை ஒட்டி, ஆரம்பாக்கத்தில் மாப்பிள்ளை வீடு. அவர் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் இவளும் கும்மிடிப்பூண்டியில் மாத்திரைகளை அட்டையில் அடைக்கிற வேலை பார்த்தாள். கல்யாணத்துக்குப் பிறகும் போகலாம் என்றுதான் பேச்சு, ஆனால் போகவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அடிபம்பில் நான் கால் கழுவும்போது என் மனைவி வந்து நின்றாள்.

“வேலைக்குப் போவும்போது ஊட்ட வெளிய பூட்டிக்கினு போறானாம்.”

“யார உள்ள வெச்சி?”

“வேற யார. உம் பொண்ணத்தான்.”

அடித்தானா என்று கேட்டேன். அடித்திருந்தால் அதைத்தானே முதலில் சொல்லியிருப்பேன் என்றாள். மாமியார் அடுத்த தெருவில் பெரிய மகனோடு இருக்கிறார். அவர் சாயந்திரம்தான் வருவார். மாப்பிள்ளை ஷிப்ட் முடிந்து வந்து திறக்கும்வரை இவள் உள்ளேயே இருக்க வேண்டும். ஒரு நாள் அவர் பூட்ட மறந்துவிட்டார். அன்று பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

இதில் எதையும் என் மகளிடம் நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் எனக்கும் அவளுக்கும் நடுவில் பேச்சு எப்போதும் அவள் அம்மா வழியாகத்தான் போகும். அவள் திரும்பிப் போவாளா, போக மாட்டாளா? வீட்டில் எல்லோர் மனதிலும் அது ஒன்றுதான் இருந்தது. என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. குழாய்க்குப் பட்டி போடும்போது கிளிப்பை மாற்றிப் போட்டு இரண்டு முறை கையைக் கிழித்துக்கொண்டேன்.

அந்த வாரம் எங்கள் கையில் இருந்தது ஒரு குடும்ப நாவல். என் பையில் முதல் பாகம் கிடந்தது. மகள் அதை எடுத்துப் பார்த்து, இதென்ன இப்படிக் கறி சுற்றின மாதிரி இருக்கிறது என்றாள். விவரம் சொன்னேன். சிரித்தாள். வந்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான். பிறகு அதைப் படிக்க உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நாவலைப் பற்றி எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். ஒரு பெண் புருஷனை விட்டுவிட்டு வருகிறாள். எழுதியவர் சமையலறையை அறிந்தவர். ஒரே தோசைக்கல்லில் ஏழு பேருக்கு ஊற்றி முடித்துவிட்டுத் தனக்கு ஊற்றும்போது அடுப்பு அணைந்துபோகும். அந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். வேலை தேடி அவள் அலைகிற பாகம் இன்னும் நன்றாக இருந்தது. நான்காம் பாகம் என் கைக்கு வந்தது. அதில் புருஷனுக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது. இவள் ஓடிப்போய்ப் பணிவிடை செய்கிறாள், மாமியார் காலைத் தொடுகிறாள், எல்லோரும் கண்ணீர் விடுகிறார்கள். மூன்று பாகம் எழுதினவர் டீ குடிக்க எழுந்து போனதும் வேறு ஒருவர் வந்து உட்கார்ந்து முடித்துவிட்ட மாதிரி இருந்தது.

சாதாரணமாக இருந்தால் அதோடு விட்டிருப்பேன். மகள் மூன்று பாகமும் முடித்துவிட்டு, நாலாவது எப்போது வரும் என்று தினமும் கேட்டாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. கதைதானே என்று மனம் ஒப்பவில்லை. அந்தப் பெண் போனாள் என்று இவளும் போய்விடுவாளோ? ஸ்டோர்ஸ்காரர் தொலைத்துவிட்டார் என்று பொய் சொல்லி, பாகத்தைச் சாப்பாட்டுப் பையின் அடியில், டிபன் பாக்ஸுக்குக் கீழே வைத்துக்கொண்டேன். முறைப்படி அதை மாற்றிக் கொடுக்கவும் இல்லை. பஸ்ஸில் பிட்டர் விடவில்லை.

“இன்னாண்ணா, நாலாவது பாகத்த அட காக்கறியா? எப்போ குஞ்சு பொரிக்கும்?”

பஸ் முழுக்கச் சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடுத்த நாள் தருகிறேன் என்று சொல்லிச் சொல்லி நாட்களை ஓட்டினேன்.

அடுத்து வந்தது துப்பறியும் நாவல். கிரேன் ஓட்டுபவருக்கு அது என்றால் உயிர். ஒரு பெண் வீட்டுக்குள் செத்துக் கிடக்கிறாள், கதவு வெளியே பூட்டியிருக்கிறது, சாவி யாரிடமும் இல்லை. இன்ஸ்பெக்டர் வருகிறார். பூட்டை ஒரு பக்கம், ஜன்னல் கம்பியை ஒரு பக்கம், கூரையை ஒரு பக்கம் அளக்கிறார். கொன்றவன் எப்படி வெளியே வந்தான் என்பதுதான் நான்கு பாகமும். மற்ற சமயமாக இருந்தால் வாயைத் திறந்துகொண்டு படித்திருப்பேன், அத்தனை கெட்டிக்காரத்தனமாகக் கட்டிய கதை. ஆனால் எனக்கு இன்ஸ்பெக்டர் மேலேயே கோபம் வந்தது. அவர் அளக்காத ஒன்று இருந்தது. அந்தப் பெண் சாகிற வரைக்கும் அந்த அறைக்குள் எப்படி இருந்தாள் என்று அவர் ஒருவரையும் விசாரிக்கவில்லை.

சட்டத்தை மீறி, கிரேன் ஓட்டுபவரிடம் கேட்டுவிட்டேன். பஸ் தச்சூர் கூட்டு ரோட்டில் நின்றிருந்தது.

“அந்தப் பொம்பள உள்ள இன்னா பண்ணிக்கினு இருந்திருப்பா?”

“யாரு, செத்தவளா? செத்தவ இன்னா பண்ணுவா நைனா.”

“சாவறதுக்கு முன்னாடி.”

“அது கதையில இல்லியே” என்றார். பிறகு கையில் இருந்த பாகத்தை மூடிவிட்டு, உடம்புக்கு ஏதாவதா என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அந்த நாவலின் எந்தப் பாகத்தையும் நான் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. கம்பெனி லாக்கரிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

திருவாலங்காட்டில் இருக்கிற என் அண்ணன் இதற்குள் காரியத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் பேசுகிறவர் அவர்தான். நிலம் பிரித்தபோதும், எனக்குப் பெண் பார்த்தபோதும், என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் அவர்தான் பேசினார், நான் பக்கத்தில் நின்றேன். அவர் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், உட்கார்ந்து பேசி அனுப்பிவைத்துவிடலாம் என்றார். பேசுவதற்கு முன்பே அனுப்புவது முடிவாகிவிட்டது. சரி என்றேன். போனை வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னேன் என்று தோன்றியது.

அந்த வாரம் வந்தது சரித்திர நாவல். பிட்டர் யுத்தப் பாகத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்துக்கொண்டார். என்னிடம் வந்தது இரண்டாவது. ஒரு ராஜா, பகை ராஜாவோடு சமாதானம் செய்துகொள்ளத் தன் மகளை அவனுக்குக் கொடுக்கிறார். யானைகளின் முகபடாம், சீர்வரிசை, அவள் போட்டிருக்கிற நகை எல்லாம் பக்கம் பக்கமாக வருகின்றன. எழுதியவருக்கு நகையில் நல்ல அறிவு. கடைசியில் ‘இளவரசி மௌனமாகத் தலைகுனிந்தாள்’ என்று ஒரே ஒரு வரி. அதற்கு மேல் யானைகள் நடக்க ஆரம்பித்துவிடுகின்றன. நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். பக்கத்தைத் திருப்பினால் யானை, திரும்பி வந்தால் தலைகுனிந்தாள். ராஜா மட்டும் மூச்சு விடாமல் முக்கால் பக்கம் பேசுகிறார். அப்படிப் பேசத் தெரிந்தவரே மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேசத் தெரியாத நான் கேட்காததில் என்ன ஆச்சரியம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானம் கும்மிடிப்பூண்டி வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

மகளுக்கு நான் கொண்டுபோனது முன்பே படித்து முடித்த ஒரு பேய் நாவல். ஆபத்தில்லாதது என்று நினைத்தேன். பாழடைந்த பங்களா, வெள்ளைச் சேலை, நாய் ஊளை எல்லாம் இருந்தது. எனக்குப் பயமே வரவில்லை. பேய் வருவதற்கு முன்னால் காற்றடிக்கும் என்று தெரிந்துவிட்டால் பிறகு என்ன பயம். ஆனால் அவள் அதை ஒரே மூச்சில் படித்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“பேய்க்குத்தாம்பா நல்லா கீது. பூட்டியிருந்தாலும் போவுது, வருது.”

சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். எழுந்து போய்க் காலியாக இருந்த குடத்தை எடுத்துக்கொண்டு பம்புக்குப் போனேன்.

சனிக்கிழமை அவள் என் டிபன் பாக்ஸைக் கழுவப் பையை எடுத்தாள். நான்காம் பாகம் அகப்பட்டுவிட்டது. நான் வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தேன். நின்றபடியே வேகமாகப் படித்து முடித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“இதுக்காப்பா ஒளிச்சி வெச்ச?”

நான் சக்கரத்தைச் சுற்றினேன்.

“இவ போவப்போறான்னு மூணாவதிலயே தெரிஞ்சிடுச்சி. அந்த ஆளு எப்போ இருமினானோ அப்பவே. கதையில புருஷன் இருமினா பொண்டாட்டி திரும்பிடுவா.”

கோபமாகச் சொல்லவில்லை, சிரிப்பும் இல்லை. பாகத்தை என் சைக்கிள் கேரியரில் வைத்துவிட்டுப் போனாள். நாளைக்கு நீ என்ன செய்யப்போகிறாய் என்று கேட்க நல்ல சமயம். வாய் வரைக்கும் வந்தது. துணியை எடுத்து, துடைத்த சக்கரத்தையே மறுபடி துடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அண்ணன் வந்துவிட்டார். பக்கத்து வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கிப் போட்டோம். மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் வந்தார்கள். மாப்பிள்ளை நல்ல சட்டை போட்டுக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மகள் உள்ளே இருந்தாள். அண்ணன், சின்னஞ்சிறுசுகள், நடந்தது நடந்துவிட்டது என்று ஆரம்பித்து, மழைக்கு முன்னால் நல்ல நாள் பார்த்து அழைத்துப் போங்கள் என்று போனில் சொன்ன இடத்துக்கே கொண்டுவந்து முடித்துவிட்டார். அதற்குள் டீகூட ஆறவில்லை.

சம்பந்தியம்மாவுக்கு மகன்மேல் பழி நிற்கக் கூடாது.

“காலம் கெட்டுக் கெடக்குது. தனியா உட்டுட்டுப் போவ முடியுமா? தங்கத்த பீரோல வெச்சிப் பூட்டறோம்ல, அந்த மாதிரி நெனச்சி பூட்டிட்டான்.”

“தங்கம் தண்ணி கேக்காது சம்மந்தி” என்றாள் என் மனைவி.

அண்ணன் அவளைக் கையமர்த்தினார். பொம்பளைகள் பேசினால் பேச்சு வளரும் என்றார். பிறகு வழக்கம்போல என்னைப் பார்த்து, “நீ இன்னாடா சொல்ற?” என்றார். அது கேள்வி இல்லை. நான் சரி என்பேன், அவர் எழுந்து வேட்டியை உதறுவார். வாழ்நாள் முழுக்க அப்படித்தான் நடந்தது.

நான் எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை.

“என் மகள் அங்கே வரமாட்டாள். அவளை அனுப்பி வைக்க எனக்குச் சம்மதம் இல்லை” என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேசினதற்காகப் பார்த்தார்கள் என்று முதலில் நினைத்தேன். அண்ணன் முகத்தில் சிரிப்பு வந்தது.

“இன்னாடா இது, டிராமால பேசற மாதிரி பேசற?”

சம்பந்தியம்மாவும் மகன் பக்கம் திரும்பி, “இன்னா நைனா, உம் மாமனாரு ரேடியோல நியூஸ் சொல்றாரு” என்றார்.

காதெல்லாம் சூடாகிவிட்டது. மறுபடி சொன்னேன். மறுபடியும் அச்சடித்த மாதிரியே வந்தது. அப்படியொரு வாக்கியத்தை நான் வாயால் சொன்னதே கிடையாது. கண்ணால்தான் பார்த்திருக்கிறேன், அதனால் பார்த்த மாதிரியே வெளியே வந்தது. இத்தனைக்கும் நான் படித்த எந்த நாவலிலும் ஒரு அப்பன் இப்படிச் சொன்னதில்லை. மூன்றாவது முறை முயன்றேன். “போமாட்டா. அவ்ளோதான்” என்று வந்தது. உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

மகள் உள்ளேயிருந்து வந்தாள். நேராக மாப்பிள்ளை முன்னால் போய் நின்றாள்.

“உங்கம்மா பேசிட்டாங்க, எங்க பெரிப்பா பேசிட்டாரு. எங்கப்பா கூட பேசிட்டாரு. நீ எப்போ பேசுவ?”

மாப்பிள்ளை தலையைத் தூக்கினார். இனிமேல் பூட்ட மாட்டேன் என்று மெதுவாகச் சொன்னார்.

“அது கெடக்கட்டும். ஒரு நாள் நீ உள்ள இரு. நான் பூட்டிட்டு ஒரு ஷிப்ட் போயிட்டு வந்து தொறக்கறேன். இருப்பியா?”

சம்பந்தியம்மா எழுந்துவிட்டார். ஆம்பளையைப் பூட்டுவதா என்று கேட்டார், பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் நிறையச் சொன்னார். மாப்பிள்ளை வாய் திறக்கவில்லை. இருவரும் போய்விட்டார்கள். அண்ணனும் சாப்பிடாமல் கிளம்பினார்.

அதன் பிறகு அவள் என்னிடம் வந்தாள். நான் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“போமாட்டேன்னு நான் உங்கிட்ட சொன்னனாப்பா?”

“இல்ல.”

“அப்பறம்?”

“கதையில எல்லாம் அனுப்பிடறாங்க” என்றேன்.

“கதையில போனா நான் போவணுமா? நீ வேணான்னா நான் இருக்கணுமா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?”

எனக்கு இருந்த கொஞ்சம் பெருமையும் போய்விட்டது. அந்த வாரம் பஸ்ஸில் புத்தகத்தைப் பிரிக்கவில்லை. பனி கொட்டுகிற தேசத்துக் கதை ஒன்று, தமிழில் மாற்றி எழுதினது, என் மடியில் கிடந்தது. எல்லோர் பெயரும் நீளம். ஒருவனுக்கே மூன்று பெயர். யார் யார் என்று பிடிபடுவதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும். ஒன்று மட்டும் பிடித்தது. அதில் மனிதர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் டீ குடித்துக்கொண்டே மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் குளிரில் எப்படித்தான் வாய் திறக்கிறதோ.

மாப்பிள்ளை சில நாள் கழித்து அவளுக்குப் போன் செய்தார். வா, வந்து பூட்டு, அப்போதாவது நம்புவாயா என்றாராம். அம்மாவிடம் சொல்லாமல் லீவு போட்டிருக்கிறாராம். என் மனைவி வேண்டாம் என்றாள். மகள் தலையை வாரிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நானும் வரட்டுமா என்று கேட்டேன். வா, ஆனால் ஒன்றும் பேசாதே என்றாள்.

அவர்கள் வீட்டுக்கு எதிரே, தெருமுனையில் ஒரு டீக்கடை. நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, கதவைச் சாத்தி, பூட்டைப் போட்டு இழுத்துப் பார்த்தாள். அவளுக்குப் போவதற்கு வேலை ஏது. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சாவியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

பையில் துப்பறியும் நாவலின் கடைசிப் பாகம் இருந்தது. லாக்கரில் இருந்து முந்தின நாள்தான் எடுத்து வந்திருந்தேன். கொன்றவன் யார் என்று தெரிகிற இடம். ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், கண் கதவுக்கே போனது. லாரி போனால் அவள் நிமிர்ந்தாள், யாராவது அந்தப் பக்கம் நடந்தால் நிமிர்ந்தாள். இரண்டாவது டீ வந்தது. குடிக்காமல் வைத்திருந்தாள். வெயில் ஏறியது. டீக்கடையில் சுற்றிக்கொண்டிருந்த பேன் நின்றது. தெரு முழுக்கக் கரண்ட் போய்விட்டது.

“அந்த ஊட்டுக்குள்ள காத்தே வராதுப்பா” என்றாள்.

எழுந்தாள், உட்கார்ந்தாள். கரண்ட் இப்போது வந்துவிடும் என்று கடைக்காரர் யாரிடமோ சொன்னார். வரவில்லை. அவள் மறுபடி எழுந்து, இந்த முறை ரோட்டைத் தாண்டிப் போய்ப் பூட்டைத் திறந்தாள். மதியச் சங்குகூட ஊதியிருக்கவில்லை.

நான் பெஞ்சை விட்டு எழுந்து ரோட்டோரம் போய் நின்றேன். உள்ளே சத்தம் எதுவும் இல்லை. சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அது நல்லதா, கெட்டதா என்று எனக்குப் பிடிபடவில்லை. அந்த நேரத்தில் அவளே முடிவு செய்தால் எதுவானாலும் சரி என்றுதான் இருந்தது. திரும்பிப் போய் உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

அவள் வெளியே வந்தாள். அவள் விட்டுவிட்டு வந்திருந்த சேலைகளும் பழைய கம்பெனி அடையாள அட்டையும் ஒரு பையில் இருந்தன. மாப்பிள்ளை வாசல் வரைக்கும் வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது. சாவி அவர் கையில் இருந்தது.

ரோட்டைத் தாண்டி வந்தவளிடம் நான் கேட்டேன். வேறு யார் வழியாகவும் இல்லாமல் நானே கேட்டேன்.

“இன்னாம்மா ஆச்சி?”

“கட்டில்ல படுத்துகினு போன் பாத்துக்கினு கீறாம்பா. கதவ ஒரு வாட்டி கூட தட்டல.”

“தட்டலியா?”

“இன்னாத்துக்குத் தட்டணும். நான் வந்து தொறப்பேன்னு அவனுக்குத் தெரியும்.” பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள். “மொத நாளு நான் கை வீங்கற வரைக்கும் தட்டினேன். யாரு வருவான்னு எனக்குத் தெரியலப்பா.”

நான் அவள் கையைப் பார்த்தேன்.

“இத சொல்லிட்டியா அவரான்ட?” என்று கேட்டேன்.

“சொல்லிட்டேன். அவனுக்குப் புரியல. நான்தான் ஒரு நாள் இருந்துட்டனே, அப்பறம் இன்னான்றான்.”

கும்மிடிப்பூண்டி பஸ் தூரத்தில் வந்தது. அவள் கை காட்டினாள். எனக்கு முன்னால் ஏறி, ஜன்னல் ஓரமாகப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியதும், பழைய கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களா என்று போகிற வழியில் இறங்கிக் கேட்டுவிடலாம், நீ கேட் வரைக்கும் வா போதும் என்றாள். சரி என்றேன்.